கணக்கில் வராத திறப்பு

மரக்காணம் உப்பளத்தில் உப்புநீரின் டிகிரி பார்க்கும் வேலையில் அம்சவல்லி முப்பத்தெட்டு ஆண்டுகள் இருந்தாள். 1979 ஜூன் நான்காம் தேதி, திங்கட்கிழமை, இருபது வயதில் சேர்ந்தாள். அன்றைக்கு எடுத்த முதல் அளவு பதினேழரை டிகிரி. அவளுடைய முதல் நோட்டின் முதல் வரி அதுதான்.

பார்வைக்கு எளிய வேலை. வரப்பில் நடந்து போய், பாத்தி நீரைக் குவளையில் மொண்டு, டிகிரிக் கண்ணாடியை அதில் மிதக்கவிட்டு, நீர் தொடும் கோட்டைப் படிக்க வேண்டும். இருபத்தைந்தில் உப்பு விளையும். இருபத்தொன்பதைத் தாண்டினால் உப்போடு கசப்பும் சேர்ந்து இறங்கும். அந்த உப்பை எந்த வியாபாரியும் சீந்த மாட்டான். நின்றபடி படித்தால் கோடு ஓர் அளவு காட்டும். குனிந்து, கண்ணை நீர் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தால் வேறு அளவு காட்டும். குனிந்து படிப்பதுதான் சரி. அம்சவல்லி முப்பத்தெட்டு ஆண்டும் குனிந்தே படித்தாள். மழை கொட்டிய நாளில்கூட 'மழை, பார்க்கவில்லை' என்று எழுதினாளே தவிர, நோட்டில் ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை.

வேலைக்குச் சேர்ந்த மறுவருஷம் பத்திரிகையில் ஒரு சின்ன அறிவிப்பைப் பார்த்தாள். 'கிராமப் பெண்கள் முன்னேற்றம்' என்ற பெயரில் பம்பாய் நாணயச்சாலை நூறு ரூபாய் வெள்ளிக் காசு வெளியிடுகிறது, வேண்டியவர்கள் முன்பணம் அனுப்பினால் தபாலில் வரும் என்று இருந்தது. கடைக்குக் கொண்டுபோகிற காசு அல்ல அது. ப்ரூஃப் காசு என்பார்கள். மெருகேற்றிய அச்சில் ஒன்றுக்கு இரண்டு தடவை அடித்து, கை படாமல் எடுத்து, பிளாஸ்டிக் தகட்டுக்குள் வைத்து அனுப்புவார்கள். காசின் தளம் கண்ணாடி மாதிரி முகம் காட்டும். உருவமும் எழுத்தும் மட்டும் பனி பூத்தது போல வெளுத்து நிற்கும்.

'கிராமத்துப் பொம்பளைக்குன்னு அடிச்சிருக்காங்க, ஒரு கிராமத்துப் பொம்பளைகிட்டயாவது இருக்க வேணாமா?' என்று அவள் தன் கூலியில் சேர்த்துவைத்ததை டிராஃப்ட் எடுத்து அனுப்பினாள். அது வந்த பிறகு பழக்கம் விடவில்லை. ஒரு வெள்ளிக் காசும் சில சில்லறைக் காசும் ஒரே தகட்டில் சேர்ந்தது ஒரு செட்; 1989 வரை ஏழு செட் வாங்கினாள். உணவு நாளுக்கு ஒன்று, மீன்வளத்துக்கு ஒன்று, சிறு விவசாயிகளுக்கு ஒன்று என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெயரில் வந்தது.

1982-இல் அவளைக் கட்டிக்கொண்ட முருகையன் உப்பு லாரி டிரைவர். அவள் டிராஃப்ட் எடுக்கப் போகும்போதெல்லாம் லாரி ஷெட்டில் அவனுக்கு அதுதான் பேச்சு.

"ஊருல இருக்கிறவங்க காசு குடுத்து சாமான் வாங்குவாங்க. எம் பொண்டாட்டி காசு குடுத்து காசு வாங்குறா. அதையும் செலவு பண்ண மாட்டா. கண்ணாடிப் பொட்டியில போட்டு தெனம் மூஞ்சப் பாத்துக்குவா."

கண்ணாடிப் பெட்டி என்று அவன் சொன்னதில் பாதி உண்மை. கடலுக்கும் அவர்கள் வீட்டுக்கும் இடையே ஒரு கிலோமீட்டர்; அந்த ஒரு கிலோமீட்டரும் உப்பளம். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று ஏறினால் கதவுக் கீல், சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி எதையும் விட்டுவைக்காது. அந்த ஊரில் வெள்ளிக் காசைக் கண்ணாடி போல வைத்திருப்பது என்பது விளையாட்டுக் காரியமா? அம்சவல்லி உட்கார்ந்து யோசித்தாள். திண்டிவனத்தில் ஒரு பாத்திரக்காரரிடம் எவர்சில்வரில் இறுக்கமான பெட்டி செய்யச் சொல்லி, மூடியில் உள்ளங்கை அளவுக்குக் கண்ணாடி பதிக்கச் சொன்னாள். பெட்டியின் அடியில், துணியில் கட்டிய சுட்ட கிளிஞ்சல். தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்பாகக் கொதிக்கும் அதே கிளிஞ்சல்தான். காற்றில் இருக்கும் ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். அதன் மேல் பலகை, பலகை மேல் காசு செட்டுகள். மூடியின் விளிம்பைச் சுற்றி இடையஞ்சாவடிப் பக்கம் வாங்கிய மஞ்சள் தேன்மெழுகு.

இதெல்லாம் யாருக்கும் தோன்றக்கூடியதுதான். அதற்கு மேல் அவள் செய்ததுதான் உப்பளத்துக்காரியின் புத்தி. ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் உப்பைப் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, மூடியின் கண்ணாடிக்கு நேர் கீழே நிறுத்தினாள். நல்ல உப்பு அல்ல. முப்பது டிகிரியில் விளைந்த கடைசிப் பாத்தியின் கசப்பு உப்பு. நல்ல உப்பு கொஞ்சம் ஈரத்தைத் தாங்கிக்கொள்ளும். கசப்பு உப்பு ஈரவாடை பட்டதும் வியர்த்துவிடும். காலையில் எழுந்ததும் கண்ணாடி வழியே புட்டியைப் பார்ப்பாள். உப்பு பொலபொலவென்று இருந்தால் நோட்டில் 'உதிரி' என்று எழுதுவாள். ஒட்டியிருந்தால் 'கசிவு'. நாற்பத்து மூன்று ஆண்டுகளில் கசிவு என்று எழுதியது ஒன்பது நாள். அந்த ஒன்பது முறையும், நிலத்திலிருந்து வறண்ட மேல்காற்று திரும்பிய முதல் காலையிலேயே கிளிஞ்சலை மாற்றினாள்.

கிளிஞ்சல் மாற்றப் பெட்டியைத் திறப்பது ஆண்டுக்கு இரண்டு முறை, சித்திரையிலும் புரட்டாசியிலும். கசிவு கண்டபோதெல்லாம் அந்தத் திறப்பையே முன்னால் இழுத்துக்கொண்டாளே தவிர, எண்ணிக்கையைக் கூட்டவில்லை. புதிதாக வந்த செட்டும் அடுத்த திறப்பு வரை கிளிஞ்சல் போட்ட சம்படத்தில் காத்திருக்கும். மேல்காற்று அடிக்கும் முற்பகலில் மட்டும்தான் திறப்பாள். ஒவ்வொரு திறப்புக்கும் தேதி, மணி, காற்றின் திசை, எத்தனை நிமிஷம் என்று நோட்டில் வரி உண்டு. 2023 புரட்டாசியோடு எண்பத்தாறு.

எண்பத்தேழாவது திறப்பு வழக்கத்தை மீறியது. 2024 ஜனவரி இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரியில் நாணயச் சேகரிப்பாளர் சங்கத்தின் கண்காட்சி. அதுவரை யாருக்கும் காட்டாத காசுகளை அறுபத்தைந்து வயதில் ஒருமுறை காட்டிப் பார்ப்போமே என்று அம்சவல்லிக்கு ஆசை வந்துவிட்டது. ஏழு செட்டையும் புதுக் கிளிஞ்சலோடு சம்படத்தில் அடைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். எடுத்ததும் திரும்பி வந்து வைத்ததும் சேர்த்து நோட்டில் ஒரே திறப்பு.

மதிப்பெண் போட வந்தவன் சங்கத்துச் செயலாளர் ஆண்ட்ரூஸ். நாற்பத்தைந்து வயது, கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கும். அரிய காசா, செட் முழுசா, நிலை எப்படி என்று தாளில் மூன்று கட்டம். முதல் இரண்டுக்கும் தாராளமாகப் போட்டான்.

"எங்கிருந்து வர்றீங்கம்மா?"

"மரக்காணம்."

பேனா நின்றது. "அங்கயேதான் வச்சிருந்தீங்களா? எத்தினி வருஷமா?"

"நாப்பத்தி மூணு வருஷமா."

"சரியாப் போச்சி போங்க. உப்புக்காத்துக்கும் வெள்ளிக்கும் ஆவாதும்மா. இப்ப பாக்க பளபளன்னு இருக்கும், உள்ளுக்குள்ள அரிச்சிட்டிருக்கும். நாங்க இன்னிக்கி மார்க் போட்டு, நாளைக்கி ஒருத்தன் வந்து கேட்டா எங்க மூஞ்சிதான் தொங்கும்."

நிலை என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனான். எண் இல்லை, வெறும் கோடு.

பூஜ்யம் போட்டிருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. முருகையன் சமாதானம் செய்ய வந்தான்.

"உட்டுத் தள்ளு அம்சா. அவனுக்கு என்னா தெரியும்?"

"அவருக்குத் தெரியாதுன்னு நான் சொன்னா யாரு நம்புவா? நீங்களே என்னைக்காவது நம்பினீங்களா?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனான்.

ஏப்ரலில் ஆண்ட்ரூஸே போன் செய்தான். ஆள் கெட்டவன் அல்ல. கோடு போட்டது அவனுக்கும் உறுத்திக்கொண்டு இருந்திருக்கிறது. வெளிநாட்டில் காசுகளைத் தரம் பார்த்துச் சான்று கொடுக்கும் கம்பெனி இருக்கிறது, சங்கத்து ஆட்களின் காசுகளை வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமாக அனுப்புகிறோம், இந்தத் தடவை மே பத்தாம் தேதி பார்சல் போகிறது என்றான். ஒன்று முதல் எழுபது வரை எண் போடுவார்கள். போட்டுக் கடினமான பிளாஸ்டிக் உறைக்குள் மூடி முத்திரை வைத்துவிடுவார்கள். அப்புறம் உலகத்தில் யாரும் கேள்வி கேட்க முடியாது.

"ஒண்ணே ஒண்ணும்மா. காத்து அரிச்ச காசுக்கு எண்ணே குடுக்க மாட்டாங்க. 'சூழல் பாதிப்பு'ன்னு அட்டையில எழுதிருவாங்க. எழுதினா எழுதினதுதான், அழிக்க முடியாது. யோசிச்சிச் சொல்லுங்க. நான் வந்து காசைப் பாத்தேன்னா, அனுப்பலாமா வேணாமான்னு ஒரு மாதிரி சொல்லிடுவேன்."

அம்சவல்லி யோசித்தாள். சான்று வேண்டுமென்றால் நாணயச்சாலை வைத்த தகட்டிலிருந்து காசைப் பிரித்தாக வேண்டும். கட்டணமும் லேசுப்பட்டது அல்ல. அதெல்லாம்கூடப் பெரிதில்லை. அந்த இரண்டு வார்த்தை அட்டையில் ஏறிவிட்டால் நாற்பத்து மூன்று ஆண்டு பாதுகாத்ததெல்லாம் வெறும் வீம்பு என்று ஆகிவிடும். அனுப்பாவிட்டாலோ, ஆண்ட்ரூஸ் போட்ட கோடு அப்படியே நின்றுவிடும்.

"வந்து பாருங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

மே ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்கு ஆண்ட்ரூஸ் வந்தான். புதுச்சேரியிலிருந்து ஸ்கூட்டர். அக்னி நட்சத்திர வெயிலில் முகம் தணலாகச் சிவந்திருந்தது. அம்சவல்லி மோர் கொடுத்தாள். ஜன்னல் திரை கடல்காற்றில் உப்பிக்கொண்டு ஆடியதைப் பார்த்தாள்.

"நாளைக்கிக் காலையில பதினோரு மணிக்கு வாங்க சார்."

"ஏம்மா, பொட்டி எங்க?"

"பொட்டி உள்ளதான் இருக்குது. காத்து மாறிடுச்சி. இப்ப தொறக்க மாட்டேன்."

"அம்மா, நான் முப்பத்தஞ்சி கிலோமீட்டர் வந்திருக்கேன்."

"அதுக்குத்தான் மோர் குடுத்தேன். இன்னொரு டம்ளர் குடிங்க."

முருகையன் உள்ளே இருந்து குரல் கொடுத்தான். "கொடுத்து வச்சவரு சார் நீங்க. நாளைக்கேன்னு சொல்லிட்டா. எனக்கு நாப்பத்திரண்டு வருஷமா புரட்டாசி வரைக்கும் இரு, சித்திரை வரைக்கும் இருன்னு சொல்லிக்கினு இருக்கா."

ஆண்ட்ரூஸ் முணுமுணுத்துக்கொண்டு போனான். ஆனால் மறுநாள் புதன்கிழமை பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வந்து நின்றான். மேல்காற்று சுட்டது. அம்சவல்லி நோட்டில் 'எண்பத்தெட்டு' என்று எழுதி, மணியையும் காற்றையும் குறித்துவிட்டு, மெழுகைச் சுரண்டி மூடியைத் தூக்கினாள். ஆண்ட்ரூஸின் கண் முதலில் போனது புட்டியின் மேல்.

"இது என்னாதும்மா?"

"உப்பு."

அவன் எழுந்தே விட்டான். "வெள்ளிக் காசு பக்கத்துல உப்பா? நாப்பத்தி மூணு வருஷமா? யாராவது பூனையைப் பாலுக்குக் காவல் வைப்பாங்களா?"

"உப்பு பறந்து போயி ஒட்டிக்குமா சார்? ஈரம் இருந்தாத்தான் அதுக்குக் காலு மொளைக்கும். ஈரம் வருதான்னு சொல்றதுக்குத்தான் அதை உள்ள உக்கார வச்சிருக்கேன். புட்டியை ஆட்டிப் பாருங்க."

ஆட்டினான். உப்பு மணல் போலச் சலசலத்தது. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கினான்.

முதல் செட்டின் நூறு ரூபாய்க் காசைப் பார்க்கவே பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டான். சாய்த்தான், திருப்பினான், வெளிச்சத்தில் காட்டினான். "ம்" என்றான். அடுத்ததற்கும் "ம்". ஐந்தாவது 1986-ஆம் ஆண்டு மீன்வளச் செட். அதன் நூறு ரூபாய்க் காசைச் சாய்த்தவன் அப்படியே நிறுத்தினான்.

"இதாம்மா நான் சொன்னது. ஓரத்துல பாருங்க, சாம்பல் மாதிரி படர்ந்திருக்குது. காத்து."

அம்சவல்லி மேசையருகே வந்தாள். கையை நீட்டினாள். "கண்ணாடியைக் குடுங்க சார்."

காசை மேசையில் வைத்து, குனிந்து, கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுபோனாள். நீர்க்கோடு படித்துப் பழகிய கண். படர்ந்த சாம்பல் மெல்லப் பிரிந்து வரிவரியாகத் தெரிந்தது. வளைந்து வளைந்து, ஒன்றுக்குள் ஒன்றாகப் பத்துப் பதினைந்து வரி.

"சார், இது கோடு கோடா இருக்குது. காத்துக்குக் கைரேகை உண்டா?"

ஆண்ட்ரூஸ் மறுபடி பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "அட ஆமா. கட்டைவிரல். பட்டப்போ தெரியாது, வருஷம் போகப் போகத்தான் வெள்ளியில கருத்து எழும்பும். உங்க விரலாம்மா?"

"நான் தகட்டைப் பிரிச்சதே இல்ல."

பிறகு அவள் செய்ததைத்தான் ஆண்ட்ரூஸ் சங்கத்தில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அலமாரியிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கி, மீன்வளச் செட் பெட்டிக்குள் போன 1986 புரட்டாசியிலிருந்து ஒவ்வொரு நாளாக விரலால் தடவிக்கொண்டு வந்தாள். உதிரி, உதிரி, உதிரி. எண்பத்தேழு பிப்ரவரியில் விரல் நின்றது. வாய்விட்டுப் படித்தாள்.

"'இருபதாம் தேதி, வெள்ளி. உப்பு உதிரி. மூடி விளிம்பில் தெற்குப் பக்கம் மெழுகு வெள்ளையாக இருக்கிறது. கேட்டதற்கு, வெயிலில் வெளுத்திருக்கும் என்றார். காரணம் தெரியவில்லை.'"

பெட்டியின் மெழுகு எப்போதும் மஞ்சள். வெள்ளை மெழுகு என்றால் கடையில் விற்கும் மெழுகுவர்த்தி. அம்சவல்லி தலையைத் திருப்பினாள். முருகையன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"வெத்தலை வாங்கியாரலாம்னு..."

"உக்காருங்க."

உட்கார்ந்தான். எழுபது வயது மனிதன் ஸ்டூலின் விளிம்பில் பள்ளிக்கூடத்துப் பையன் போலக் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"நீ கிளியனூருக்கு உங்கம்மாவைப் பாக்கப் போயிருந்த. அனுமந்தையில கருவாட்டுக்கு உப்பு எறக்கினேன் இல்ல, அங்க மீன்காரன் பக்கிரிகிட்ட சொல்லிட்டேன், கவுர்மெண்டு மீனுக்குன்னு காசு அடிச்சிருக்குது, எம் பொண்டாட்டி வச்சிருக்கான்னு. அவன் சிரிக்கிறான். மீனுக்குக் காசா, உனுக்கு மப்பு ஏறிடுச்சாங்கிறான். சுத்தி இருந்தவனுங்க எல்லாம் சிரிக்கிறானுங்க. எனக்குத் தாங்கல."

"கடக்கரைக்கா எடுத்துக்கினு போனீங்க?"

"மேல்துண்டுல சுத்தித்தான் எடுத்துக்கினு போனேன். தகட்டோட காட்டினா பொம்மைக் காசுங்கிறானுங்க. நகத்தால நெம்பி வெளிய எடுத்தேன்."

"எத்தினி பேரு தொட்டாங்க?"

"ஒருத்தனை உடல! பக்கிரி கையை நீட்டினான், தட்டி உட்டேன். நான்தான் ரெண்டு விரல்ல புடிச்சிக்கினு சுத்திச் சுத்திக் காட்டினேன். அம்பது பேரு பாத்தானுங்க, அம்சா. 'இது யாரு வாங்கினது'ன்னு கேட்டதுக்கு, எம் பொண்டாட்டி சொந்தக் கூலியில பம்பாய்க்குப் பணம் அனுப்பி வரவழைச்சதுன்னு சொன்னேன். ஒருத்தன் வாயத் தொறக்கல." தலையைக் குனிந்துகொண்டான். "திரும்பி வந்து மெழுகுவர்த்தியை உருக்கி ஊத்திட்டேன். மஞ்சள் மெழுகை நீ எங்க வைப்பேன்னு எனக்கு எங்க தெரியும்?"

அம்சவல்லிக்கு வந்திருக்க வேண்டிய கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது. நாற்பத்திரண்டு ஆண்டு அவள் காதுபடக் கேலி செய்த மனிதன், அவள் காதுக்கு எட்டாத இடத்தில் ஐம்பது பேருக்கு நடுவில் இப்படிப் பேசியிருக்கிறான். அதை அவள் முப்பத்தேழு ஆண்டு கழித்து ஒரு கறையிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அவள் பேனாவை எடுத்தாள். பிப்ரவரி பத்தொன்பது என்ற வரியின் ஓரத்தில், 'திறந்தவர் முருகையன். கடல்காற்று. நிமிஷம் தெரியவில்லை' என்று எழுதினாள். அன்றைய எண்பத்தெட்டை அடித்து எண்பத்தொன்பது ஆக்கினாள்.

"நடுவுல இருக்கிற நம்பரெல்லாம் தப்பு" என்றாள் முருகையனைப் பார்த்து. "எத்தினி நோட்டுல திருத்தணும் தெரியுமா?"

ஆண்ட்ரூஸ் பாக்கி இரண்டு செட்டையும் பார்த்து முடித்துத் தொண்டையைக் கனைத்தான். மீதி ஆறு வெள்ளிக் காசிலும் ஒரு புள்ளிகூட இல்லை என்றான். முதல் செட்டின் காசை, அதாவது மிக நீண்ட காலம் இந்தக் காற்றில் இருந்ததை, தைரியமாக அனுப்பலாம். மீன்வளக் காசு வேண்டாம். அனுப்பியே தீரவேண்டும் என்றால் அசிட்டோன் என்கிற கழுவும் திரவத்தில் ஒரு முக்கு முக்கிப் பார்க்கலாம், கொஞ்சம் மட்டுப்படலாம்.

"கறைன்னு மட்டும் பாத்துட்டு, கடலோரத்துக் காசு, காத்துதான்னு அவங்க முடிவு கட்டிட்டா? நானே அப்பிடித்தானே மொதல்ல சொன்னேன். எதுக்கும்மா வம்பு? நல்லதை மட்டும் அனுப்புங்க."

"நாளைக்கிச் சொல்றேன் சார்."

இரண்டு காசுகளையும் தகட்டிலிருந்து எடுக்காமல், கிளிஞ்சலும் இன்னொரு உப்புப் புட்டியும் வைத்த தனிச் சம்படத்தில் மாற்றிக்கொண்டு, பெட்டியை மூடி மெழுகு ஊற்றினாள். பன்னிரண்டு மணிக்கு ஏழு நிமிஷம் இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அம்சவல்லி உப்பளத்துப் பக்கம் நடந்தாள். ஓய்வு பெற்ற பிறகும் அவளை வரப்பில் யாரும் தடுப்பதில்லை. வெள்ளை வெளேரென்று குவித்து வைத்த உப்புக்கு நடுவே போய், தெற்கு மூலைப் பாத்தி அருகில் நின்றாள். அந்தப் பாத்தியின் கரை எப்போதும் கசியும். பக்கத்துக் கால்வாய்த் தண்ணீர் உள்ளே ஊறி டிகிரியை இறக்கிவிடும். வியாபாரிகள் வந்தால் முதலாளி ஆட்கள் நடுப்பாத்தியில் அளவெடுத்துக் காட்டச் சொல்வார்கள். அம்சவல்லி ஒரு நாளும் செய்ததில்லை. மூலைப் பாத்தியில்தான் குவளையை இறக்குவாள். அங்கே டிகிரி நின்றால் எங்கேயும் நிற்கும். நடுவில் எடுத்த அளவு நடுப்பாத்திக்கு மட்டும்தான் சாட்சி.

நல்ல காசை மட்டும் பொறுக்கி அனுப்பி எண் வாங்கினால், பொறுக்கி அனுப்பினாள் என்றுதான் பேச்சு வரும். அப்படி ஒருத்தர் பேசாவிட்டாலும் அவளுக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்து போன் செய்தாள். "சார், ரெண்டும் போவட்டும். எதுலயும் முக்க வேணாம். இருக்கிற மாதிரியே போவட்டும்."

"அம்மா, நல்லா யோசிச்சிட்டீங்களா? அந்த ரெண்டு வார்த்தை வந்துட்டா அப்புறம்..."

"வந்தா வரட்டும் சார். காத்து தப்பு பண்ணியிருந்தா எழுதட்டும். பண்ணலன்னா, விரலைக் காத்துன்னு எழுதுறவன் என்னா தரம் பாக்கிறவன்?"

அன்றைக்கே பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ஆண்ட்ரூஸ் கையுறை மாட்டிக்கொண்டு அவள் கண்முன்னால் இரண்டு காசையும் தகட்டிலிருந்து எடுத்தான். வெள்ளிக் காசு போன தகடுகளை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முருகையன் பார்த்தான்.

"பல்லு போன வாய் மாதிரி இருக்குது."

"யாரால?"

"ஒண்ணுதான் என்னால. இன்னொண்ணு நீயா புடுங்கினது."

ஜூன் போனது, ஜூலை போனது. பார்சல் சென்னையைத் தாண்டியது, கடலைத் தாண்டியது என்று ஆண்ட்ரூஸ் இடையிடையே சொல்வான். அம்சவல்லி நோட்டில் காசு இரண்டும் இல்லாத பெட்டிக்கும் வழக்கம் போல 'உதிரி' என்று எழுதிக்கொண்டிருந்தாள். முருகையன்தான் தினம் ஒரு தடவை கேட்டான்: "அந்த ஆளு போன் பண்ணானா?" தன் கட்டைவிரலைத் தானே அவ்வப்போது முறைத்துப் பார்த்துக்கொள்வதையும் அவள் கவனித்தாள்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை, போன் எதுவும் செய்யாமல் ஆண்ட்ரூஸ் நேரில் வந்து நின்றான். மூன்றரை மணி, கடல்காற்று வாசலை அறைந்துகொண்டிருந்தது. பையிலிருந்து சோப்புக்கட்டி அளவில் இரண்டு கடினமான பிளாஸ்டிக் உறைகளை எடுத்து அவள் கையில் வைத்தான்.

அம்சவல்லி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலில் எண்ணைத் தேடவில்லை. அந்த இரண்டு வார்த்தைகளைத் தேடினாள். அட்டையின் முன்பக்கத்து இங்கிலீஷை முழுக்க எழுத்துக்கூட்டிப் படித்தாள். திருப்பிப் பின்பக்கம் படித்தாள். இல்லை. இரண்டாவது உறையையும் அப்படியே படித்தாள். இல்லை. அப்புறம்தான் எண்ணைப் பார்த்தாள். முதல் செட்டின் காசுக்கு அறுபத்தேழு. மீன்வளக் காசுக்கு அறுபத்து நாலு.

"என்னாம்மா, பேச மாட்டேங்கிறீங்க?" என்றான் ஆண்ட்ரூஸ். "இந்தத் தடவை அனுப்பினது மொத்தம் முப்பத்தியொரு காசு. பெங்களூரு, கோயம்புத்தூர்ல ஏசி ரூம்ல வச்சிருந்தவங்க காசுகூட இருக்குது. அறுபத்தேழு வாங்கினது ஒண்ணே ஒண்ணு. அது மரக்காணத்துக் காசு. ஜனவரியில நான் பண்ணினது தப்பும்மா."

"நீங்க பாத்ததைச் சொல்லியிருந்தா தப்பில்ல சார். பாக்காமலே சொன்னீங்க, அதுதான்."

"மீதி அஞ்சையும் குடுங்க. அடுத்த பார்சல்ல அனுப்பிடலாம்."

அம்சவல்லி தலையை அசைத்தாள். "வேணாம். நாணயச்சாலை எப்பிடி வச்சி அனுப்புனாங்களோ அப்பிடியே இருக்கட்டும். மூலைப் பாத்தியில எடுத்தாச்சி. ஒவ்வொரு பாத்தியா எறங்கணும்னு அவசியம் இல்ல."

முருகையன் மீன்வளக் காசின் உறையை வாங்கி, தூக்கிப் பிடித்து, தன் விரல் அடையாளத்தைக் கண் சுருக்கிப் பார்த்தான். அவன் முகத்தில் மெல்ல ஒரு பெருமை ஏறியது.

"சார், எழுபதுக்கு அறுபத்தி நாலுன்னா என்னா கிளாசு?"

"ஃபர்ஸ்ட் கிளாசுதான் அண்ணே."

"கேட்டியா அம்சா? எட்டாவதுல எனுக்கு எழுபதுக்குப் பதினொண்ணு வந்துச்சி. இப்ப என் விரலுக்கு அறுபத்தி நாலு குடுத்திருக்கான்."

"விரலுக்கு இல்ல. விரலையும் மீறி அந்தக் காசுக்குக் குடுத்தது."

"எதுக்கோ ஒண்ணுக்கு. ரேகை என்னுது உள்ள இருக்குது இல்ல?"

ஆண்ட்ரூஸ் சிரித்துச் சிரித்து இருமினான். போகும்போது வெட்கத்தோடு ஒரு சின்ன டப்பாவில் கடைசிப் பாத்தி உப்பு கேட்டான். அம்சவல்லி கொடுத்தாள், சமையலுக்கு எடுத்துவிடப் போகிறார்கள் என்று டப்பாவின் மேல் 'கசப்பு' என்று எழுதியும் கொடுத்தாள்.

அந்த இரண்டு உறைகளையும் அவள் பெட்டிக்குள் வைக்கவில்லை. முத்திரை வைத்து மூடியவற்றுக்குக் கிளிஞ்சல் எதற்கு? கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில், கிழக்கு ஜன்னலுக்கு நேராக, இரண்டையும் நிறுத்தி வைத்தாள். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று நேராக அவற்றின் மேல் அடிக்கும். சாயங்காலத்துக்குள் பிளாஸ்டிக்கின் மேல் பிசுபிசுப்பு ஏறும். முந்தானையால் துடைத்துவிடுவாள்.

வருகிறவர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். இவ்வளவு பளபளப்பா இருக்குதே, எங்க வச்சிருந்தீங்க, பேங்க் லாக்கர்லயா என்று கேட்கிறார்கள். முருகையன் பதில் சொல்ல வாயெடுப்பான். அம்சவல்லி அவனைக் கையமர்த்திவிட்டுத் தானே சொல்வாள்.

"இங்கதான். மரக்காணத்துலதான். இந்த வீட்லதான்."